கனடாவில் பிரெஞ்சு அமிழ்வுக் கல்வி: தொடக்க வயது பற்றிய விவாதமும் அதன் வர்க்கப் பின்னணியும்

தாய்மொழியல்லாத ஒரு மொழியைப் போதனாமொழியாகக் கொண்டு பிள்ளை கற்கத் தொடங்குவதற்கு உகந்த வயது எது என்னும் வினா, கனடாவின் ஆங்கிலம் பேசும் பெற்றோரிடையே அறுபது ஆண்டுகளாக எழுந்துவரும் ஒன்றாகும். பாலர் வகுப்பிலேயே பிள்ளையைப் பிரெஞ்சுச் சூழலில் விட்டுவிடுவதா, ஆங்கிலத்தில் எழுத வாசிக்கப் பழகியபின் நான்காம் ஐந்தாம் தரங்களிலே தொடங்குவதா, அன்றி ஏழாம் தரம் வரை பொறுத்திருப்பதா என்பதே அவர்கள் முன்னுள்ள தெரிவு. ஆங்கிலத்தில் 'இமேர்ஷன்' எனப்படும் இம்முறையை நாம் இங்கு அமிழ்வுக் கல்வி எனக் குறிப்பிடுவோம். பிரெஞ்சை ஒரு பாடமாக நாளுக்கு அரை மணி நேரம் படிப்பிப்பதற்குப் பதிலாகக் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் வரலாற்றையும் பிரெஞ்சிலேயே படிப்பித்து, அவற்றினூடாக மொழியை வரச்செய்வது இதன் அடிப்படை. முந்திய அமிழ்வு, இடை அமிழ்வு, பிந்திய அமிழ்வு என இது மூன்றாக வகுக்கப்பட்டுள்ளமையே, வயது பற்றிய வினா இக்கல்வி முறையின் அமைப்பினுள் எவ்வளவு ஆழமாகச் சென்றுள்ளது என்பதைக் காட்டும்.

இவ்வினா பெரும்பாலும் உளவியலாளரதும் நரம்பியலாளரதும் துறைக்குரியதாகவே கருதப்பட்டு வந்துள்ளது. மூளையின் வளர்ச்சி, செவியின் கூர்மை, நினைவாற்றல் என்பனவற்றை அளந்துவிட்டால் விடை கிடைத்துவிடும் என்பது பரவலான எண்ணம். அவ்வாய்வுகளை நாம் புறக்கணிக்கவில்லை. ஆயின் 'உகந்த வயது' என்னும் எண்ணக்கரு எந்த வரலாற்றுச் சூழலில், எந்த வர்க்கத்தினரின் தேவையையொட்டி முகிழ்த்தது என்று கேட்காதவிடத்து அவ்வாய்வுகள் கூறுவனவற்றையும் நாம் சரியாக விளங்கிக்கொள்ள முடியாது. கனடாவிலே மொழிக்கு வயது குறிக்கும் வழக்கம் உளவியலாளர் வருவதற்கு மிக முன்னரே தொடங்கிவிட்டது. அதனைத் தொடக்கியது அரசு. தொடங்கும் வயதையன்று, முடிக்கும் வயதையே அது குறித்தது.

1912ஆம் ஆண்டு ஒன்ராறியோ மாகாண அரசு 17ஆம் இலக்க ஒழுங்குவிதியைப் பிறப்பித்தது. பிரெஞ்சுப் பிள்ளைகள் கற்ற பாடசாலைகளில் முதலிரு ஆண்டுகளுக்கு மேல் பிரெஞ்சு போதனாமொழியாக இருத்தலாகாது என்பது அதன் சாரம். ஏறத்தாழ எட்டு வயதிலே பிள்ளையின் தாய்மொழி வகுப்பறையை விட்டு வெளியேறிவிட வேண்டும் என்பதே இதன் பொருள். 1870இல் இருமொழி மாகாணமாக உருவாக்கப்பட்ட மனிற்றோபா, 1890இல் பிரெஞ்சின் அரசகரும நிலையை நீக்கி, 1916இல் இருமொழிப் பாடசாலைகளையும் ஒழித்தது. மேற்குச் சமவெளிகளின் நிலமும் புகையிரதப் பாதையும் ஆங்கில மூலதனத்தின் கைக்கு முற்றாக மாறிய காலம் அது. பாடசாலையின் மொழியும் அதே கைக்கு மாறியமை தற்செயலன்று.

ஒன்ராறியோவின் பிரெஞ்சு மக்கள் இவ்விதிக்குப் பணிந்துவிடவில்லை. ஒட்டாவா நகரின் கீக் பாடசாலையிலே, பியாத்திரிஸ், தியான் தெலோஜ் என்னும் சகோதரிகள் விதியை மீறிப் பிரெஞ்சிற் கற்பித்தனர். 1916 ஜனவரியில் அவர்களை வெளியேற்றப் பொலிசார் வந்தபோது, பிள்ளைகளின் தாய்மார் தொப்பி ஊசிகளையும் கத்தரிக்கோல்களையும் சமையலறைக் கட்டைகளையும் ஏந்தி வாசலை மறித்து நின்றனர். அவ்வாண்டிலேயே இலண்டன் பிரிவுக் கவுன்சில், கனடிய அரசியலமைப்பு பாதுகாப்பது சமயத்துக்குரிய பாடசாலை உரிமையையே, மொழிக்குரியதையன்று எனத் தீர்த்து விதியைச் செல்லுபடியாக்கிற்று. 1927 வரை அது நடைமுறையில் இருந்தது. நீதிமன்றம் கைவிட்ட மொழியைத் தொப்பி ஊசி காத்தது என்று சொல்வது மிகையாகலாம். எனினும் விதி கைவிடப்படுவதற்கு இத்தகைய எதிர்ப்பின் நீடிப்பே முக்கிய காரணமாயிற்று என்பதில் ஐயமில்லை.

இன்னொரு வயதெல்லையையும் இங்கே குறிப்பிடுதல் வேண்டும். 1920இல் இந்தியர் சட்டத்திற்குச் செய்யப்பட்ட திருத்தம், ஏழு முதல் பதினைந்து வயது வரையிலான ஆதிக்குடிப் பிள்ளைகளுக்குப் பாடசாலை வருகையைக் கட்டாயமாக்கிற்று. அப்பிள்ளைகளுட் பெருந்தொகையினர் திருச்சபைகள் நடத்திய விடுதிப் பாடசாலைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே தாய்மொழி பேசுவது தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பிள்ளைகள் இவ்விடுதிகளினூடாகச் சென்றனர் என 2015இல் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு பதிவுசெய்தது. இளவயதிலே மொழியை மாற்றுவது எளிது என்ற 'உண்மை' கனடிய அரசுக்கு எந்த ஆய்வுகூடத்தின் துணையுமின்றியே தெரிந்திருந்தது.

இப்பின்னணியிலேதான் 1960களின் கியூபெக்கை நாம் நோக்குதல் வேண்டும். மாகாணத்தின் பெரும்பான்மையினர் பிரெஞ்சு பேசுவோர்; அதன் வங்கி, தொழிற்சாலை, வர்த்தகம் என்பனவற்றின் மேல்மட்டம் ஆங்கிலம் பேசியது. 1961ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பை ஆதாரமாகக் கொண்டு இருமொழி இருபண்பாட்டு அரச ஆணைக்குழு செய்த ஆய்வில், கியூபெக்கின் பதினான்கு இனத்தொகுதிகளை ஆண் தொழிலாளரின் சராசரி வருமானப்படி வரிசைப்படுத்தியபோது பிரெஞ்சுக் கனடியர் பன்னிரண்டாம் இடத்தில் நின்றனர். அவர்களுக்குக் கீழே இருந்தோர் இத்தாலியரும் ஆதிக்குடிகளுமே. சொந்த மாகாணத்திலே, சொந்த மொழி பேசியமைக்காக ஒரு மக்கட்கூட்டம் கொடுத்த விலை இது. தொழிலாளி பிரெஞ்சிலே சிந்தித்தான். மேற்பார்வையாளனிடம் ஆங்கிலத்திலே விடையளித்தான்.

1960இல் ஜோன் லெசாஜின் லிபரல் அரசு பதவிக்கு வந்தது முதல் 'அமைதிப் புரட்சி' எனப்படும் மாற்றங்கள் விரைந்து நிகழ்ந்தன. ரெனே லெவெக்கின் முன்முயற்சியில் மின்சாரக் கம்பனிகள் 1963இல் தேசியமயமாகின. 1964இல், திருச்சபையின் கையிலிருந்த கல்வியை மேற்பார்வை செய்யக் கல்வி அமைச்சு உருவாயிற்று. பிரெஞ்சு பேசும் ஒரு புதிய மத்தியதர வர்க்கம், பொறியியலாளராகவும் நிர்வாகிகளாகவும் ஆசிரியராகவும், அரச இயந்திரத்தினூடாக மேலெழுந்தது. புரட்சி என்ற பெயர் இதற்குச் சற்றுப் பெரிதுதான். உற்பத்தி உறவுகள் அடிப்படையில் மாறவில்லை. ஆயின் மொழியின் சந்தைப் பெறுமதி மாறத் தொடங்கியது. இம்மாற்றத்தை முதலில் மோப்பம் பிடித்தோர் யார் என்பதே எமது பொருளுக்கு முக்கியமானது.

மொன்றியலுக்கு எதிரே, சென் லோறன்ஸ் ஆற்றின் தென்கரையில் அமைந்தது சென் லம்பேர்ட் என்னும் புறநகர். 1963 ஒக்டோபரில் அங்கே ஆங்கிலம் பேசும் பெற்றோர் பன்னிருவர் ஒரு வீட்டிற் கூடினர். ஒல்கா மெலிகொவ், மியூரியல் பார்க்ஸ், வலெரி நீல் ஆகிய தாய்மார் இம்முயற்சியின் முன்னணியில் நின்றனர். பல ஆண்டுகள் பிரெஞ்சை ஒரு பாடமாகப் படித்தும் தம் அயலவரோடு இரண்டு வாக்கியம் பேச இயலாதிருந்தமை அவர்களின் சொந்த அனுபவம். கியூபெக்கின் பாடசாலைகள் அக்காலத்திற் சமய அடிப்படையிற் பிரிந்திருந்தன. புரட்டஸ்தாந்துப் பாடசாலை ஆங்கிலத்துக்கும் கத்தோலிக்கப் பாடசாலை பெரும்பாலும் பிரெஞ்சுக்கும் உரியனவாக இருந்தன. ஒரே தெருவிற் குடியிருந்த பிள்ளைகள் வேறுவேறு வாயில்களினூடே சென்றனர். தம் பிள்ளைகள் பிரெஞ்சை நன்கு பேசாவிடின் நாளைய கியூபெக்கில் அவர்களுக்கு இடமிராது என அப்பெற்றோர் உணர்ந்தனர்.

அவர்களை எள்ளுவது எமது நோக்கமன்று. பெரும்பான்மையினரின் மொழியைக் கற்றுக்கொண்டு அவர்களோடு வாழ முன்வந்த ஆங்கிலேயர் அக்காலத்தில் அரிதாகவே இருந்தனர். 1976இல் கியூபெக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியபின் பெருந்தொகையான ஆங்கிலேயர் மாகாணத்தை விட்டே வெளியேறி ரொறன்ரோவுக்குப் போயினர் என்பதை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம். எனினும் அவர்களது முயற்சி சமத்துவத்துக்கான கோரிக்கையிலிருந்து பிறந்ததன்று. மாறிவரும் அதிகாரச் சமநிலையிலே தம் வர்க்கத்தின் இடத்தை அடுத்த தலைமுறைக்கும் காத்துக்கொள்ளும் தூரநோக்கிலிருந்து பிறந்தது. தூரநோக்கு ஒரு குற்றமன்று. அதற்கு விஞ்ஞானத்தின் மறைப்புப் போர்த்தப்படும்போதே ஆய்வாளன் விழித்துக்கொள்ள வேண்டியுள்ளது.

பாடசாலைச் சபை பலமுறை தயங்கியது. ஈற்றில் அது திட்டத்தை ஆதரித்ததென்பதிலும் சகித்துக்கொண்டதென்பதே பொருந்தும். 1965இன் வசந்த காலத்திலே பதிவு தொடங்கியபோது, ஐந்து நிமிடங்களுக்குள் 26 இடங்களும் நிரம்பின. அவ்வாண்டு செப்டெம்பரிற் பாலர் வகுப்பு ஆரம்பமாயிற்று. ஆசிரியர் பிரெஞ்சு மட்டுமே பேசினார். பிள்ளைகள் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் விடையளிக்க விடப்பட்டனர். முதலாம் தரத்தில் எழுத்தும் வாசிப்பும் பிரெஞ்சிலேயே அறிமுகமாகின. இரண்டாம் தரத்திலே ஆங்கிலம் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமாக நுழைந்து ஆண்டுதோறும் வளர்ந்தது.

மக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் வொலஸ் லம்பேர்ட் இவ்வகுப்புகளைத் தொடக்கத்திலிருந்தே அளந்துவந்தார். இரு மொழி அறிவு பிள்ளையின் அறிவு வளர்ச்சியைக் குன்றச் செய்யும் என்ற பழைய கருத்தை அவரும் எலிசபெத் பீலும் மொன்றியலின் பத்து வயதுப் பிள்ளைகளைக் கொண்டு 1962இல் மறுத்திருந்தனர். ரிச்சர்ட் டக்கரோடு இணைந்து அவர் 1972இல் வெளியிட்ட நூலே சென் லம்பேர்ட் பரிசோதனையை உலகறியச் செய்தது. அதன் முடிவுகள் தெளிவானவை. முதலாம் தரத்தில் ஆங்கில வாசிப்பிற் பின்தங்கிய பிள்ளைகள், ஆங்கிலப் பாடம் தொடங்கிய சில காலத்தில் ஏனையோரை எட்டிப்பிடித்தனர். கணிதத்தில் எவ்வித இழப்பும் இல்லை. பிரெஞ்சைக் கேட்டு விளங்கும் திறனில் அவர்கள் பிரெஞ்சுப் பிள்ளைகளை நெருங்கினர். பேச்சிலும் எழுத்திலும் அவ்வாறில்லை. பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் பாற்பேதத்திலும் வினைத்திரிபுகளிலும் வழுக்கள் உறைந்து நின்றன. வகுப்பறையில் ஆசிரியரைக் கேட்பதே மிகுதி, தாம் பேசுவது குறைவு என்பதனையே ரொறன்ரோவின் மெரில் சுவெயின் 1985இல் இதற்குக் காரணமாகக் காட்டினார். அதற்கு மேலும் ஒரு காரணமுண்டு என்பது எமது கருத்து. அப்பிள்ளைகள் விளையாட்டு மைதானத்தில் ஆங்கிலமே பேசினர். வகுப்பிலே ஆசிரியரைத் தவிரப் பிரெஞ்சு பேசுவோர் எவருமில்லை. பிரெஞ்சு, கற்கும் மொழியாக வந்ததேயன்றிக் கூடி வாழும் மொழியாக வரவில்லை.

பாலர் வகுப்பிலேயே தொடங்க வேண்டும் என்ற முடிவுக்கு அப்பெற்றோர் வந்தமைக்கு இன்னொருவரின் செல்வாக்கும் துணைநின்றது. மொன்றியல் நரம்பியல் நிறுவகத்தை நிறுவிய சத்திரசிகிச்சை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்ட், லாமார் ரொபேர்ட்ஸோடு சேர்ந்து 1959இல் வெளியிட்ட நூலிலே, ஒன்பது வயதை அண்டியபின் மூளை மொழி கற்பதற்கான நெகிழ்ச்சியை இழந்து வருகிறது என வாதித்திருந்தார். 1967இல் எரிக் லெனெபேர்க் இதனை விரித்து, இரண்டு வயதுக்கும் பூப்புப் பருவத்துக்கும் இடைப்பட்ட ஓர் 'இக்கட்டான காலம்' உண்டெனக் கூறினார். பென்ஃபீல்டின் மருத்துவ அனுபவம் மூளைக் காயமடைந்தோர் இழந்த பேச்சை மீளப்பெறுவதைப் பற்றியது. அதிலிருந்து சுகதேகியான பிள்ளையின் வகுப்பறைக்குத் தாவுவது பெரிய தாவல். அவர் தம் சொந்தப் பிள்ளைகளையும் சான்றாகக் காட்டினார். அவருடைய இளைய பிள்ளைகள் வீட்டிலே ஜெர்மன் பேசும் தாதியரிடமும் பின்னர் பிரெஞ்சுப் பாலர் பாடசாலையிலும் மொழிகளைப் பயின்றனர். ஜெர்மன் தாதியை அமர்த்த வசதியுள்ள வீட்டிலே மூளையின் நெகிழ்ச்சி எவ்வளவு, வீட்டின் வசதி எவ்வளவு என்பதைப் பிரித்தறிதல் எளிதன்று.

அடுத்து வந்த ஆய்வுகள் 'எவ்வளவு இளமையோ அவ்வளவு நன்று' என்ற நம்பிக்கையைப் பெரிதும் உலுக்கின. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1964 முதல் எட்டு வயதிலே பிரெஞ்சைப் பாடமாகக் கற்ற பல்லாயிரம் மாணவரை ஆராய்ந்த கிளேயர் பர்ஸ்டோல், பதினாறு வயதில் அவர்கள் பதினொரு வயதிலே தொடங்கியோரைவிடக் கேட்டு விளங்குவதில் மட்டுமே முந்தி நின்றனர் என 1974இற் காட்டினார். பெற்றோரின் தொழில் நிலையோடு பிள்ளைகளின் பெறுபேறு இணைந்து ஏறி இறங்கியதையும் அவர் பதிவுசெய்தார். அந்த முடிவு முன்னையதைப் போன்று பேசப்படவில்லை. நெதர்லாந்திலே டச்சு கற்ற ஆங்கிலம் பேசுவோரை ஓராண்டு அவதானித்த கத்தரின் சினோவும் மரியன் ஹூஃப்னாகெல்-ஹோலேயும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், விரைந்து கற்றோர் பன்னிரண்டு முதல் பதினைந்து வயதினரே. மூன்று முதல் ஐந்து வயதினரே பெரும்பாலான சோதனைகளிற் கடைசியில் நின்றனர். மொன்றியலிலேயே பிரெட் ஜெனெஸி, ஏழாம் எட்டாம் தரங்களில் இரண்டாண்டு பிந்திய அமிழ்வு பெற்றோர், பாலர் வகுப்பு முதல் அமிழ்ந்தோரைப் பல சோதனைகளிற் சமன்செய்தனர் எனக் கண்டார். மூத்த பிள்ளை ஏற்கெனவே ஒரு மொழியில் எழுதவும் வாசிக்கவும் வாதிக்கவும் கற்றிருக்கின்றது. அத்திறன் புதிய மொழிக்கும் கைகொடுக்கின்றது. மறுபுறம், நெடுங்கால நோக்கிலே, குறிப்பாக உச்சரிப்பில், இளவயதிலே தொடங்கியோரே ஈற்றில் மேலோங்குவர் என்பதும் நிறுவப்பட்டுள்ளது. ஏறத்தாழ 6,70,000 பேரிடம் இணையத்தினூடாகத் தரவு திரட்டி 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இலக்கணம் கற்கும் ஆற்றல் பதினேழு வயதை அண்டியே குன்றத் தொடங்குகின்றது என்று வாதித்தது. ஒன்பது வயதிலே கதவு மூடப்படுகின்றது என்ற அச்சத்துக்கு இவற்றுள் எதிலும் ஆதாரமில்லை.

அவ்வாறாயின் முந்திய அமிழ்வை ஆதரிப்பதற்குக் காரணமே இல்லையா? உண்டு, அவை மூளையைச் சார்ந்தவை அல்ல. முதலாவது, நேரம். ஒன்ராறியோவின் கில்லின் அறிக்கை 1974இல் மூன்று மட்டங்களை வகுத்தது: அடிப்படை மட்டத்துக்கு 1,200 மணி நேரம், நடுமட்டத்துக்கு 2,100, உயர்மட்டத்துக்கு 5,000. நாளுக்கு நாற்பது நிமிடப் பாடமாக 1,200 மணியைச் சேர்க்கவே ஏறத்தாழப் பத்துப் பாடசாலை ஆண்டுகள் செல்லும். 5,000 மணியை எட்ட வேண்டுமாயின் முழுநாளும் பிரெஞ்சிலே கற்கும் ஆண்டுகள் ஐந்தோ ஆறோ வேண்டும். அவற்றைப் பாடவிதானத்தில் எங்கே வைப்பது? இரசாயனமும் பொதுப் பரீட்சையும் வந்து மோதாத இடம் ஆரம்ப வகுப்புகளே. வயது என்று பேசப்படுவதன் பெரும்பகுதி மணிக்கணக்கே.

இரண்டாவது காரணம் எமக்கு இன்னும் முக்கியமானது. முந்திய அமிழ்விலே கேட்டலும் பேச்சும் பிள்ளையின் நுண்ணறிவு ஈவில் தங்கியிருக்கவில்லை என ஜெனெஸி 1976இற் காட்டினார். ஐந்து வயதிலே எந்தப் பிள்ளை 'கெட்டிக்காரன்' என எவரும் இன்னும் தீர்மானித்துவிடவில்லை. எல்லாரும் ஒன்றாக அமரலாம். பன்னிரண்டு வயதிலோ, பாடசாலை தன் சல்லடையை ஏற்கெனவே ஆட்டி முடித்துவிட்டது. பிந்திய அமிழ்வுக்கு முன்வருவோர் பெரும்பாலும் நல்ல புள்ளி பெற்றோரும், தம்மீது நம்பிக்கையுள்ளோரும், வீட்டிலே ஊக்கம் பெறுவோருமே. பிந்தியோரின் வியத்தகு பெறுபேறுகளை வாசிக்கும்போது, அவை சல்லடையில் எஞ்சியோரின் பெறுபேறுகள் என்பதை மறக்கலாகாது. ஆகவே சகல பிள்ளைகளுக்கும் உரியதாக நடத்தப்படுமாயின், இளவயதுத் தொடக்கமே சனநாயகத் தன்மை மிக்கது என நாம் கருதுகின்றோம். 'சகல பிள்ளைகளுக்கும்' என்ற நிபந்தனை கனடாவில் நிறைவேறியதா என்பதே அடுத்து எழும் வினா.

1969இன் அரசகரும மொழிகள் சட்டம் மத்திய அரச சேவையில் இருமொழி அறிவுக்கு உத்தியோகப் பெறுமதி அளித்தது. 1970 முதல் மத்திய அரசின் நிதி மாகாணப் பாடசாலைகளுக்குப் பாய்ந்தது. ஒட்டாவாவின் அரச ஊழியர் குடும்பங்கள் அமிழ்வுக் கல்வியை விரைந்து தழுவின. 1977இல் பிரெஞ்சுக்கான கனடியப் பெற்றோர் என்னும் அமைப்புத் தோன்றிற்று. சில பத்தாயிரமாக இருந்த மாணவர் தொகை 1990களின் நடுப்பகுதியில் மூன்று இலட்சத்தை அண்மித்தது. எனினும் இது விரும்பியோர் தெரியும் கல்வியாகவே இருந்தது. தெரிவு என்பது தகவலும் நேரமும் வாகனமும் உள்ளோருக்கே இலகுவானது. பதிவுக்காக விடியுமுன் வரிசையில் நின்றோர், இரவு வேலை முடித்து வந்த தொழிலாளர் அல்லர். பிள்ளை வாசிப்பிலே இடர்ப்பட்டால் அதனை ஆங்கில வகுப்புக்கு மாற்றிவிடும் வழக்கமும் வேரூன்றியது. வசதி குறைந்தோரினதும் விசேட கவனம் தேவைப்படுவோரினதும் பிள்ளைகள் ஆங்கில வகுப்பிலே தேங்கினர். ஒரே கட்டடத்தினுள் இரு பாடசாலைகள் உருவாகின.

கியூபெக்கில் அதே காலத்திலே இன்னொரு வகைப் பெற்றோர் இன்னொரு வகைப் போராட்டத்தில் இருந்தனர். மொன்றியலின் சென் லெயோனார் பகுதியிற் பெருந்தொகையாகக் குடியேறியிருந்த இத்தாலியர், தம் பிள்ளைகள் ஆங்கிலம் கற்றாலே வட அமெரிக்காவிற் பிழைக்கலாம் எனக் கண்டிருந்தனர். 1968இல் அங்குள்ள கத்தோலிக்கப் பாடசாலைச் சபை, முதலாம் தரத்திலிருந்து பிரெஞ்சு மட்டுமே என முடிவெடுத்தது. 1969 செப்டெம்பரில் கலவரம் மூண்டது. அவ்வாண்டின் 63ஆம் சட்டமூலம் பெற்றோருக்குத் தெரிவுரிமை அளித்துப் பிரெஞ்சுத் தேசியவாதிகளைக் கொதிப்படையச் செய்தது. 1974இன் 22ஆம் சட்டமூலம், ஆங்கிலம் ஏற்கெனவே தெரிந்த பிள்ளைகளையே ஆங்கிலப் பாடசாலைக்கு அனுமதிக்கும் எனக் கூறி, ஐந்தும் ஆறும் வயதான குடியேறியோர் பிள்ளைகளைப் பரீட்சைக்கு இருத்தியது. பற்கள் விழத் தொடங்கிய பருவத்துப் பிள்ளை, தன் குடும்பத்தின் எதிர்காலம் தங்கியிருந்த ஒரு பரீட்சைக்கு அமர்ந்தது. 1977 ஓகஸ்டில் நிறைவேறிய 101ஆம் சட்டமூலம் இப்பரீட்சையை ஒழித்து, பெற்றோர் கியூபெக்கில் ஆங்கிலத்தில் ஆரம்பக் கல்வி பெற்றிருந்தாலன்றிப் பிள்ளை பிரெஞ்சிலேயே படிக்க வேண்டும் எனப் பொதுவிதி செய்தது. 1982இன் உரிமைப் பட்டயத்துக்கும் 1984இன் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கும் பின்னர் கனடாவின் எப்பகுதியிலும் ஆங்கிலத்திற் கற்ற கனடியப் பிரசைகளின் பிள்ளைகளுக்கு அவ்விலக்கு விரிந்தது. குடியேறியோருக்கு விரியவில்லை.

1975 அளவில் லம்பேர்ட் வகுத்த வேறுபாடொன்று இங்கே துணைபுரியும். தாய்மொழி உறுதியாக நிற்கையில் இன்னொரு மொழி வந்து சேர்வது சேர்ப்பு இருமொழியம். வந்த மொழி தாய்மொழியைத் தின்றுவிடுவது கழிப்பு இருமொழியம். சென் லம்பேர்ட்டின் பிள்ளை எந்த வயதில் அமிழ்ந்தாலும் அதன் ஆங்கிலம் அழியாது. கண்டம் முழுவதும் அதற்குக் காவல். ஆனால் சுவீடனிலே சுவீடிஷ் மொழியிற் கற்ற பின்லாந்துத் தொழிலாளர் பிள்ளைகளை ஆராய்ந்த ஸ்குட்னாப்-காங்காஸும் துகோமாவும், பத்து வயதை அண்டிப் புலம்பெயர்ந்தோர் பள்ளி செல்லுமுன்பே புலம்பெயர்ந்தோரைவிட மொழித்திறனில் மேலோங்கினர் என 1976இல் எழுதினர். தாய்மொழியில் எழுத்தறிவு பெற்றபின் வந்தோர் அவர்கள். ஒரே வயது, ஒரே வகுப்பறை முறை, அதிகாரப் படிநிலையில் மொழி நிற்கும் இடம் மாறியதும் விளைவும் மாறிவிடுகின்றது. முன்னையதை அமிழ்வு என்போமாயின் பின்னையது மூழ்கடிப்பு.

1983க்குப் பின்னர் இலங்கையிலிருந்து சென்று மொன்றியலின் கோட்-டே-நேஜிலும் பார்க் எக்ஸ்டென்ஷனிலும் குடியேறிய எம்மவரின் பிள்ளைகள் இவ்விரண்டுக்கும் இடையிலே சிக்கினர். அவர்களுட் பலர் 'வரவேற்பு வகுப்பு'களுக்கு அனுப்பப்பட்டனர். வீட்டிலே தமிழ், வகுப்பிலே பிரெஞ்சு, தெருவிலும் ரொறன்ரோ உறவினரோடும் ஆங்கிலம் என மும்மொழியாளராக அவர்கள் வளர்ந்தமை பெருமையோடு பேசப்படுகின்றது. அம்மூன்றில் வார இறுதி வகுப்புக்கு ஒதுங்கியது எது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எந்த வயதிலே தொடங்குவது என்று அவர்களின் பெற்றோரை எவரும் கேட்கவில்லை. விமானம் தரையிறங்கிய நாளே தொடக்க வயதாயிற்று. அமிழ்வுக் கல்வியின் வெற்றியை முன்னிறுத்தி எமது நாட்டிலும் ஆரம்ப வகுப்பு முதல் ஆங்கில போதனாமொழி வேண்டுமெனக் கோருவோர், தாம் சுட்டும் பிள்ளை சென் லம்பேர்ட்டின் பிள்ளையா, பார்க் எக்ஸ்டென்ஷனின் பிள்ளையா என்பதை முதலிலே தெளிவுபடுத்துதல் நன்று.

வயது பற்றிய விவாதத்தின் வர்க்க உள்ளடக்கம் வெளிப்படையாக வெடித்த இடம் நியூ பிரன்சுவிக். 1969 முதல் சட்டப்படி இருமொழி நிலைபெற்ற அம்மாகாணத்தில், 2008இல் குரோல், லீ என்போரின் அறிக்கையை ஏற்று அரசு முந்திய அமிழ்வை ஒழிக்க முற்பட்டது. ஐந்தாம் தரத்திலே சகலருக்கும் செறிவான பிரெஞ்சு என்பது மாற்றுத் திட்டம். மாகாணப் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் வில்ம்ஸ், முந்திய அமிழ்வு பிள்ளைகளைச் சமூக-பொருளாதார நிலையின்படி பிரித்துவிட்டது எனப் புள்ளிவிபரங்களோடு எழுதினார். பெற்றோர் வீதிக்கும் நீதிமன்றத்துக்கும் சென்றனர். முடிவு எடுக்கப்பட்ட முறை நியாயமற்றது என நீதிமன்றம் கூறிற்று. ஓகஸ்டில் மூன்றாம் தரம் என்ற சமரசம் பிறந்தது. 2017இல் முதலாம் தரம் மீண்டது. 2022 டிசெம்பரிலே இன்னொரு அரசு அமிழ்வை அகற்றி ஆங்கிலப் பாடசாலைப் பிள்ளைகள் அனைவருக்கும் நாளின் அரைப்பகுதி பிரெஞ்சு என அறிவித்து, எதிர்ப்பின் முன்னே 2023 பெப்ரவரியில் அதனைக் கைவிட்டது. பதினைந்து ஆண்டுகளில் மூளை பற்றிய அறிவு இத்தனை முறை தலைகீழாகவில்லை. ஒன்று, மூன்று, ஐந்து என்ற எண்களுக்குப் பின்னே நடந்தது, ஒரு பாடசாலையினுள் யார் யாரோடு அமர்வது என்ற வழக்கே. சகலருக்கும் ஒரே கல்வி என்ற சரியான கோரிக்கையை, அதற்குரிய ஆசிரியரையும் பணத்தையும் ஒதுக்காது முன்வைத்த அரசும், தம் பிள்ளையின் உரிமையைக் காத்து அடுத்த வகுப்பின் பிள்ளையை மறந்த பெற்றோரும் அவ்வழக்கிலே எதிரெதிரே நின்றனர்.

சென் லம்பேர்ட் அமைந்த அதே தென்கரையிலே, ஆற்றோடு சற்று மேற்கே சென்றால் மோஹாக் மக்களின் கானவாகே குடியிருப்பை அடையலாம். 101ஆம் சட்டமூலம் தமக்கும் மொழி விதிக்க வருவதை எதிர்த்து அம்மக்கள் 1978இல் தமது சொந்த உயர்நிலைப் பாடசாலையைத் தொடங்கினர். அதையடுத்துச் சிறுவருக்கு மோஹாக் மொழியிலே அமிழ்வு வகுப்புகளும் தோன்றின. ஆங்கிலேயப் பெற்றோர் கண்ட முறையையே அவர்களும் கைக்கொண்டனர். அங்கே அவசரம் வேறு: மொழியைச் சரளமாகப் பேசியோர் முதியோராகி மறைந்துகொண்டிருந்தனர். பிள்ளைகள் வகுப்பிலே கற்று வந்த மொழியில் வீட்டிலே விடையளிக்கப் பெற்றோருக்கு இயலவில்லை. பெற்றோரின் தலைமுறையே மொழியை இழந்த தலைமுறை. ஆகவே 2002இல் வளர்ந்தோருக்கான அமிழ்வுத் திட்டமொன்று அங்கே ஆரம்பிக்கப்பட்டது. பென்ஃபீல்டின் கணக்கிலே காலங்கடந்துவிட்ட அவர்கள், நாள் முழுவதும் வகுப்பிலிருந்து தம் பாட்டிமாரின் மொழியைக் கற்று, அவர்களுட் சிலர் பின்னர் அதே ஊரில் அம்மொழியின் ஆசிரியராயினர்.